சாம்பல் சுவரும் ஊதா வெளிச்சமும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனியிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் டைகாண்டரோகா. பெரும்பாலும் கோட்டை பார்க்கத்தான் அங்கே போவார்கள். நானும் மகளும் போனது மாண்ட்காம் தெருவில் இருக்கும் ஒரு பழைய கடைக் கட்டடத்துக்கு. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதல் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கப்பல் டிவி தொடரின் செட்டை அதற்குள் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டியவர் ஜேம்ஸ் காவ்லி என்ற ரசிகர். அந்தத் தொடருக்கு உடை வடிவமைத்த வில்லியம் வேர் தைஸ்தான் செட்டின் அசல் வரைபட நகல்களை அவரிடம் கொடுத்தார். 2016-இல் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

நான் சும்மா போகவில்லை. ப்ளூ-ரேயிலிருந்து நாற்பது படங்களை எடுத்து டேப்லெட்டில் போட்டுக்கொண்டு போனேன். எந்த இடத்தில் நின்றால் எந்தப் படத்தோடு ஒத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

முதலில் பிரிட்ஜ், அதாவது கேப்டன் உட்கார்ந்து கப்பலை நடத்தும் அறை. லிஃப்ட் கதவு கேப்டன் நாற்காலிக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது, இடது பக்கம் தள்ளி இருக்க வேண்டும். அதைத்தான் முதலில் தேடினேன். அப்படியே இருந்தது. அந்தக் கோணம் இருப்பதால்தான் கேப்டன் முகத்தைக் காட்டும்போதே, கதவு திறந்து உள்ளே வருபவரும் அவர் தோளுக்குப் பக்கத்தில் தெரிகிறார். செட்டை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் போட்ட கோணம் அது. கதவை நடுவில் வைத்திருந்தால், எத்தனை பட்டன் சரியாக இருந்தாலும் எனக்கு அது பிரிட்ஜாகப் பட்டிருக்காது. கைப்பிடிக் கம்பியின் சிவப்பும் சரி. நாற்காலியின் கைப்பிடியை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே மதுரையில் இருக்கும் நண்பனுக்கு, செட்டில் இருக்கும் கப்பல் நடைபாதையின் போட்டோ ஒன்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சுவர் கலர் தப்புடா. படத்துல ஊதாவா இருக்கு, உன் போட்டோவுல சாம்பலா இருக்கு." நாங்கள் இரண்டு பேரும் இந்தத் தொடரை முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், கருப்பு வெள்ளை டிவியில். அதனாலோ என்னவோ, கலர் என்று வந்துவிட்டால் அவன் விடவே மாட்டான்.

அவன் சொன்னதில் பாதி சரி. சுவர் சாம்பல்தான். அசல் செட்டிலும் சாம்பல்தான்! டெசிலு ஸ்டூடியோவில் ஒளிப்பதிவாளர் ஜெரி ஃபின்னர்மேன் விளக்குகளுக்கு முன்னால் ஜெலட்டின் என்ற கலர் கண்ணாடிப் பேப்பர் வைத்து, அந்தச் சாம்பல் சுவர்மேல் ஊதாவும் பச்சையும் விழ வைத்தார். எபிசோடுக்கு எபிசோடு, அறைக்கு அறை மாற்றிக்கொள்ளலாம். பெயிண்ட் அடிக்கும் செலவும் இல்லை. டிவியில் ஊதாவாகத் தெரிகிறதே என்று யாராவது சுவரில் ஊதா பெயிண்ட் அடித்திருந்தால் அதுதான் தப்பு. இங்கே சாம்பல் அடித்து, வெளிச்சத்தில் ஊதா கொடுத்திருக்கிறார்கள். என் போன் அந்த ஊதாவைத் தானாகத் திருத்திச் சாம்பலாக்கிவிட்டது.

அப்பா கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பின்திரைத் துணியை நேரில் பார்த்தால் வெளுத்துப்போன சாக்கு மாதிரி இருக்கும். பிரிண்டில் நீல மேகமாக வரும். கண்ணுக்குத் தெரிவது வேறு, ஃபிலிமுக்குத் தெரிவது வேறு என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. கேப்டன் சட்டையிலும் இதே கதைதான். தைஸ் எடுத்த வெலூர் என்ற வெல்வெட் மாதிரித் துணி நேரில் வெளிர் பச்சை. ஸ்டூடியோ வெளிச்சத்தில், ஃபிலிமில், அது தங்க மஞ்சளாக வந்தது. இன்று ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைகளில் பெரும்பாலானவை மஞ்சள். அவர்கள் டிவியில் பார்த்ததற்கு உண்மையாக இருக்கிறார்கள். தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இன்ஜின் அறை. வலைத்தடுப்புக்குப் பின்னால் நீளமாகப் போகும் குழாய்கள் உண்மையில் அவ்வளவு நீளம் இல்லை. உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும்படி செய்து, நீளம்போலக் காட்டியிருக்கிறார்கள். அசலிலும் அப்படித்தான். நேராக நின்றால் என் டேப்லெட் படம் அப்படியே கண்முன் இருந்தது. இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தேன், குழாய்கள் குட்டையாகிவிட்டன. திரும்ப நடுவுக்கு வந்தேன், நீண்டுவிட்டன. நான்கு முறை செய்து பார்த்தேன்.

தொடரின் தயாரிப்பாளர்களே இந்த பிரிட்ஜைத் திரும்பக் காட்ட வேண்டி வந்தபோது அவ்வளவு தூரம் போகவில்லை. 1992-இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அடுத்த தலைமுறைத் தொடரில், முதல் தொடரின் இன்ஜினியர் ஸ்காட்டி பழைய பிரிட்ஜுக்குள் நுழையும் காட்சி வரும். அதற்காகக் கட்டியது ஒரு பகுதிதான். மிச்சத்துக்கு 1967 எபிசோடு ஒன்றிலிருந்து ஆளில்லாத பிரிட்ஜின் ஷாட்டை எடுத்துப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணைக் கலங்க வைக்கும். ஆனால் கேமராவை அங்கே இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. டைகாண்டரோகாவில் என் மகள் பிரிட்ஜை முழுசாக ஒரு சுற்று நடந்தே வந்தாள்.

கிளம்பும்போது நண்பனிடமிருந்து மறுபடி மெசேஜ். நம்பவில்லை, நிரூபி என்றான். நடைபாதைக்குத் திரும்பினோம். மகள் விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டினாள். சுற்றிலும் ஊதா, நடுவில் அவள் ஐந்து விரல்களின் நிழல் வெறும் சாம்பலில். இந்த முறை போனில் கலரைத் திருத்த விடாமல் பூட்டிவிட்டு எடுத்து அனுப்பினேன்.

மதுரையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். "அந்த ஜெலட்டின் என்ன ஷேடு?" என்று கேட்டிருந்தான்.