தலைமையாசிரியர் பதவிக்குத் தயாராகும் ஆசிரியர்களுக்கு

பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பட்டியலான பேனலில் பெயர் வரும் காலம் நெருங்கியதும் பட்டதாரி ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், துறைத் தேர்வுக்கு எந்த கைடு வாங்கலாம்?" என்பதுதான். கைடு வாங்குங்கள், தவறில்லை. ஆனால் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் தேறுவதும் ஒரு பள்ளியை நடத்தத் தயாராவதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒரே காலத்தில் செய்ய முடியும்.

முதலில் தேர்வு. டிஎன்பிஎஸ்சி மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை துறைத் தேர்வுகளை நடத்துகிறது. பள்ளிக் கல்வித் துறை நிர்வாகத் தேர்வின் தாள்களைப் பழைய ஆசிரியர்கள் இன்னும் டி.ஐ. (டெபுடி இன்ஸ்பெக்டர்) தேர்வு என்றுதான் சொல்வார்கள். அவற்றைப் புத்தகம் இல்லாமல் எழுத வேண்டும். சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வைப் புத்தகத்துடன் எழுதலாம். புத்தகம் கையில் இருக்கிறதே என்று அதை லேசாக நினைக்க வேண்டாம். எந்த விதி எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று விரல் தானாகப் போகும் அளவுக்குப் புரட்டியிருந்தால்தான் நேரம் போதும்.

நான் விதிகளைப் பள்ளி அலுவலக அறையில் வைத்துப் படித்தேன். விடுப்பு விதி படிக்கும் வாரத்தில் இளநிலை உதவியாளரிடம் கேட்டு என் பணிப்பதிவேட்டை எடுத்து, ஈட்டிய விடுப்பு எப்படி வரவு வைக்கப்பட்டிருக்கிறது, மருத்துவ விடுப்பு எங்கே கழிக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு பதிவாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்த விதி மறக்கவே மறக்காது. பழைய கைடுகளை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். அதற்குச் சற்று முன் அச்சான புத்தகத்தில் 9 மாதம் என்றே இருக்கும். அரசாணைகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான் பணம் பெற்று வழங்கும் அலுவலர். சம்பளப் பட்டியல், ரொக்கப் பதிவேடு எல்லாம் உங்கள் கையெழுத்தில்தான் போகும். அதனால் நிதி விதிகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

சரி, இனி தேர்வு கேட்காத பகுதி. கல்வித் திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்குமான தேசிய நிறுவனமான புதுதில்லி நீபாவில் (NIEPA) 2012இல் தேசியப் பள்ளித் தலைமை மையம் தொடங்கப்பட்டது. அது வகுத்த பாடத்திட்டத்தில் ஏழு களங்கள். கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவை உருவாக்கி வழிநடத்துவது, புதிய முயற்சிகளை முன்னெடுப்பது, பெற்றோரோடும் ஊரோடும் சேர்ந்து செயல்படுவது என்று போகும் அந்தப் பட்டியலில் நிர்வாகம் ஒரே ஒரு களம். நம் துறைத் தேர்வு பெரும்பாலும் அந்த ஒன்றிலேயே நின்றுவிடுகிறது. மற்றவற்றை நாமாகத்தான் பழக வேண்டும்.

அதில் முதன்மையானது வகுப்பு நோக்கல். ஆசிரியராக இருக்கும்போதே, நெருக்கமான ஒரு சக ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். உங்கள் பாடமாக இல்லாமல் இருப்பது நல்லது. நான் கணக்கு ஆசிரியர். தமிழ், அறிவியல் வகுப்புகளில் உட்கார்ந்தேன். பாடம் தெரியாத இடத்தில் ஆசிரியரைத் திருத்தும் ஆசை வராது, கண் பிள்ளைகள் மேல் போகும். யார் எழுதுகிறார்கள், யார் பக்கத்து நோட்டைப் பார்க்கிறார்கள், கேள்வி திரும்பத் திரும்ப யாரிடம் போகிறது என்று கண்ணில் பட்டதை மட்டும் குறியுங்கள், மதிப்பீடு எழுதாதீர்கள். அன்றைக்கே ஆசிரியரோடு பேசுங்கள். "அந்த மூன்றாவது வரிசைப் பையன் கணக்கைப் பாதியில் விட்டுட்டான், ஏன்னு நினைக்கிறீங்க?" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டால் போதும். பதவி வந்தபின் இதே கேள்வி ஆய்வு மாதிரி ஒலிக்கும். அதற்குள் ஆய்வாக ஒலிக்காமல் கேட்கும் தொனி நமக்குப் பழகியிருக்க வேண்டும்.

அடுத்து, கால அட்டவணை போடும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். பள்ளியின் முன்னுரிமை எது என்று அங்கேதான் தெரியும். தேர்ச்சி விகிதத்துக்கு பயந்து, திறமையான ஆசிரியர்கள் எல்லோரையும் பத்தாம் வகுப்புக்கே ஒதுக்குவது பல பள்ளிகளில் வழக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் சரளமாக வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குக் காரணம் கீழ் வகுப்புகளில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு ஒரு நல்ல ஆசிரியரை விட்டுக்கொடுக்க வைக்க எவ்வளவு பேச வேண்டியிருக்கும் என்பதை அட்டவணை போட்டவர்தான் அறிவார்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டக் குறிப்பு எழுதுவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மா எந்த நேரத்தில் கூட்டத்துக்கு வர முடியும் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம், தலைமையாசிரியர் விடுப்பில் போகும் நாளில் பொறுப்பு உங்களுக்கு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். புள்ளிவிவரம் கேட்டுக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் முற்பகலில் ஒரு பாடவேளையை ஏதாவது ஒரு வகுப்பில் உட்காருவதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கி, அதை அலுவலகப் பணியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.