என்.பி.ஏ. அட்டவணை: பச்சை வரிசைகளும் காலிக் கட்டங்களும்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் சாம்பியன்களையும் சிறந்த வீரர் விருது பெற்றவர்களையும் கையால் எழுதி ஒரே அட்டவணையாக்கும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கிராஃப் தாள்களை நீளவாக்கில் ஒட்டி, ஆண்டுக்கு ஒரு வரிசை போட்டேன். முதல் கட்டத்தில் கோப்பை வென்ற அணி. இரண்டாவதில் அந்தப் பருவத்தின் எம்.வி.பி., அதாவது லீக் ஆட்டங்களின் மிகச் சிறந்த வீரர்; மூன்றாவதில் இறுதித் தொடரின் சிறந்த வீரர். எம்.வி.பி. ஆனவரின் அணியே கோப்பையையும் தூக்கியிருந்தால் அந்த வரிசைக்குப் பச்சை. ஒரு பருவம் இரண்டு ஆண்டுகளைத் தொடுவதால், அது முடிகிற ஆண்டையே கணக்கில் கொண்டேன்.

மேல் பகுதியில் காலிக் கட்டங்கள் அதிகம். சாம்பியன் பட்டியல் 1947-இல் பிலடெல்பியா வாரியர்ஸுடன் தொடங்குகிறது. எம்.வி.பி. விருது 1956-இல்தான் வந்தது. முதலில் பெற்றவர் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸின் பாப் பெட்டிட். இறுதித் தொடர் விருதுக்கோ 1969 வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதத்தில் அடிபட்டவர் பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸல். 13 பருவங்களில் 11 கோப்பை, ஐந்து முறை எம்.வி.பி.; மூன்றாவது கட்டத்தில் ஓரிடத்திலும் அவர் பெயர் இல்லை. விருது பிறந்த 1969 அவருடைய கடைசிப் பருவம். பாஸ்டன் வென்றது, விருது, தோற்ற லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. தோற்ற அணியிலிருந்து அதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 2009-இல் அந்த விருதுக்கே ரஸலின் பெயரைச் சூட்டினார்கள். நல்ல காரியம்தான், ஆனால் என் கட்டத்தை அது நிரப்பாது.

1962 வரிசையில்தான் அதிக நேரம் நின்றேன். அந்தப் பருவத்தில் வில்ட் சேம்பர்லெய்ன் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். ஆஸ்கர் ராபர்ட்சனுக்குப் புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) மூன்றிலுமே சராசரி இரட்டை இலக்கம். எம்.வி.பி. ஆனவர் ரஸல்! அப்போது வாக்களித்தவர்கள் சக வீரர்கள். 1981 பருவத்திலிருந்துதான் அந்த வாக்கு ஊடகத்தாரின் கைக்குப் போனது. செய்தியாளர்களிடம் விட்டிருந்தால் வில்ட்டுக்கே கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ரஸல் குறுக்கே நிற்கும்போது கூடைக்குப் பந்தைக் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்று ஆடியவர்களுக்குத்தானே தெரியும்.

1956 முதல் 2025 வரையிலான 70 வரிசைகளில் பச்சை 24 மட்டுமே. பாதிக்கு மேல் இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். எம்.வி.பி. வாக்கு லீக் ஆட்டங்களை மட்டும் பார்த்துப் போடப்படுவது. அதன் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் அதில் சேரா. 2003-இல் டிம் டங்கனுக்குப் பிறகு 2012-இல் லெப்ரான் ஜேம்ஸ் வரும்வரை ஒரு பச்சைகூட இல்லை. 2007 அதில் கொடுமை. 67 ஆட்டம் வென்ற டல்லஸ் அணி, எட்டாம் இடத்தில் நுழைந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே தோற்றது, டல்லஸின் டிர்க் நொவிட்ஸ்கி எம்.வி.பி. விருதை வாங்கியது அதன் பிறகு. சாம்பியன் கோப்பை அவருக்கு 2011-இல் கிடைத்தது. 2004-இன் எம்.வி.பி. கெவின் கார்னெட், அணி மாறி 2008-இல் பாஸ்டனுடன் வென்றார். அந்த ஆண்டு எம்.வி.பி. கோபி பிரையன்ட் இறுதியில் தோற்ற பக்கத்தில் இருந்தார். இவற்றுக்குச் சிவப்பில் அம்புக்குறி போட்டு இணைத்ததும் அந்த வறண்ட பகுதிக்கு உயிர் வந்தது.

பச்சையிலும் 1980 தனி ரகம். எம்.வி.பி. கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் காயத்தால் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்கு வரவில்லை. முதல் பருவமே ஆடிய மேஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்து லேக்கர்ஸை வெல்ல வைத்தார். மூன்றாவது கட்டம் அவருக்கு.

மிச்சம் இருப்பது ஏ.பி.ஏ. என்ற லீக். அது என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக இருந்து 1976-இல் கலைந்தது. அதன் நான்கு அணிகள் என்.பி.ஏ.வுக்கு வந்தன, கோப்பைகள் வரவில்லை. ஜூலியஸ் எர்விங் 1974-இலும் 1976-இலும் நெட்ஸ் அணியுடன் எம்.வி.பி., கோப்பை இரண்டையும் பெற்றவர் என்பதால் அதை விட்டுவிட மனமில்லை. வலது ஓரத்தில் ஒன்பது வரிசைக்கு ஒரு துண்டுத் தாள் ஒட்டப்போகிறேன்.