20 : 27 : 32

ஹைட்ரஜன் வெளியிடும் ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில், கண்ணுக்குத் தெரியும் ஒளிக் கோடுகளில் மூன்றின் அதிர்வெண்கள் 20 : 27 : 32 என்ற விகிதத்தில் அமைந்திருப்பதை 1871இல் அயர்லாந்து இயற்பியலாளர் ஜான்ஸ்டன் ஸ்டோனி கவனித்தார். அதிரும் தந்தியில் அடிப்படைச் சுரத்தின் முழுஎண் மடங்குகளாக மேற்சுரங்கள் எழுவதுபோல, ஹைட்ரஜன் மூலக்கூறுக்குள்ளும் ஓர் அடிப்படை அதிர்வு இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அழகான கருத்துதான். ஆயினும் நான்காவது கோடு அந்த வரிசையில் பொருந்தவில்லை. பல தனிமங்களின் கோடுகளை நிகழ்தகவுக் கணக்கால் சோதித்த இயற்பியலாளர் ஆர்தர் ஷூஸ்டர், இத்தகைய பொருத்தங்கள் தற்செயலாகக் கிடைக்கக்கூடிய அளவைத் தாண்டவில்லை என்று 1881இல் காட்டினார்.

1885இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரப் பள்ளி ஆசிரியர் யோகான் பால்மர், நான்கு கோடுகளின் அலைநீளங்களும் ஒரே எண்ணின் 9/5, 4/3, 25/21, 9/8 மடங்குகள் என்று கண்டறிந்தார். இவற்றில் 4/3 கர்நாடக இசையின் சுத்த மத்தியமத்தின் விகிதம், 9/8 சதுஸ்ருதி ரிஷபத்தின் விகிதம் என்பதை முதன்முதலில் உணர்ந்தபோது நான் சிலிர்த்துப்போனேன். ஆனால் பால்மரின் பின்னங்களைப் பிணைப்பது சுர உறவன்று. முழுஎண்களின் வர்க்கங்களைக் கொண்ட ஒரு சூத்திரம். அதன் காரணத்தை, எலக்ட்ரான் ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதாகக் கொண்டு, 1913இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் விளக்கினார்.

அலைநீளம் கூடினால் அதிர்வெண் அதே விகிதத்தில் குறையும். அதனால் பால்மரின் 9/5, 4/3, 9/8 ஆகியவற்றைத் தலைகீழாக்கி 36ஆல் பெருக்கினால், ஸ்டோனியின் 20, 27, 32 அப்படியே கிடைக்கின்றன.