53.5 மீட்டருக்குப் பின்னால்

என் வேலை மருத்துவக் கருவிகளைச் சோதிப்பது, பழுது பார்ப்பது. ஆனால் வேலை நேரத்தில் பாதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விடும். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்தான் எங்கள் ஊர். அங்கிருந்து பழங்குடிக் குடியிருப்புகளின் கிளினிக்குகளுக்குப் போய் இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டர், ஆக்சிஜன் கருவி, தடுப்பூசி ஃபிரிட்ஜ், பல் மருத்துவ நாற்காலி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவோம். பக்கத்தில் இருப்பது என்று நாங்கள் சொல்லும் டீ ட்ரீயே 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. யுயெண்டுமு கிட்டத்தட்ட 300. இந்தச் சாலைகளில் காரைவிட எங்களுக்கு நன்றாகப் பழகியவை ரோடு ட்ரெயின்கள் என்னும் நீள லாரிகள்.

ஒரு முன்வண்டி, அதன் பின்னால் மூன்று டிரெய்லர்கள். மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை போகலாம். ரோடுஹவுஸில், அதாவது நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த இடத்தில், நின்ற ஒன்றைச் சுற்றி நடந்து டயர்களை எண்ணினேன்: 62. சரக்கேற்றினால் எடை 100 டன்னைத் தாண்டும். முகப்பில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கு புல்பார் என்று பெயர். கங்காரு குறுக்கே வந்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்க மாட்டார், ஒடிக்கவும் கூடாது. முன்னால் சின்னதாக ஒடித்தால் கடைசி டிரெய்லர் பெரிதாக வீசும், கவிழ்ந்தாலும் கவிழும். அதனால்தான் புல்பார்.

இத்தனை நீளம் எதற்கு என்று தமிழ்நாட்டிலிருந்து போன் பேசும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். ரயில் இல்லாததால் வந்தது. தெற்கிலிருந்து வந்த தண்டவாளம் 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸோடு நின்றுவிட்டது. அது வடக்குக் கடற்கரையில் இருக்கும் டார்வின் வரை போய்ச் சேர்ந்தது 2004-இல்தான். இடையில் 1,500 கிலோமீட்டர். 1934-இல் அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து ஏ.இ.சி. லாரி ஒன்றை வரவழைத்து, இரண்டு டிரெய்லர்களை மாட்டி இந்தப் பக்கம் ஓடவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஊர்க்காரரான குர்ட் ஜோஹான்சன், ராணுவம் கழித்துவிட்ட டயமண்ட் டி லாரியை வாங்கி, அதற்கான டிரெய்லர்களைத் தன் பட்டறையிலேயே செய்தார். முன்வண்டி போன தடத்திலேயே பின்னால் வருபவையும் திரும்பும்படி சக்கரங்களை அமைத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அதுவரை வாரக்கணக்கில் நடத்திக்கொண்டு போன மாடுகள் அதன்பிறகு லாரி ஏறின.

நான் வண்டி ஓட்டிப் பழகியது திருச்சி, மதுரைப் பக்கம். அங்கே லாரியின் முதுகிலேயே 'சவுண்ட் ஹார்ன்' என்று எழுதியிருக்கும். அடித்தால் கிளீனர் கையை வெளியே நீட்டிப் போகச் சொல்வார். இங்கே ஹார்ன் அடித்தால் கேட்கப்போவது கடைசி டிரெய்லருக்கு மட்டும்தான். அதற்குப் பதில் வண்டிக்கு வண்டி பேச யு.எச்.எஃப். ரேடியோ இருக்கிறது, 40-ஆம் சேனல். "வடக்கே போகும் டேங்கர், பின்னால் வெள்ளை லேண்ட்குரூசர், நேரம் பார்த்துத் தாண்டிக்கொள்கிறேன்" என்றால் போதும். பெரும்பாலும் பதில் வரும். "பொறு, ஒரு கேரவன் வருது." (கேரவன் என்றால் காருக்குப் பின்னால் இழுத்துவரும் வீட்டு வண்டி.) கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ காலி, வா." சில சமயம் அந்தச் சேனலில் பஞ்சாபியும் காதில் விழும். ஓட்டுநர் வா என்றாலும் கண்ணால் பார்க்காமல் நான் வெளியே எடுப்பதில்லை. அவருக்கும் அது தெரியும்.

தாண்டுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். லாரி 100-இல் போகிறது. நான் 130-இல் போகிறேன். எங்கள் ஊர் வழியாக டார்வினுக்குப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் பல இடங்களில் அதுதான் எல்லை. பின்னால் 50 மீட்டர் தள்ளி வெளியே எடுத்து, முன்னால் 50 மீட்டர் விட்டு உள்ளே வர, லாரியின் நீளத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 155 மீட்டர் முந்த வேண்டும். 18, 19 வினாடி ஆகும். அதற்குள் நான் ஓடியிருப்பது 670 மீட்டர். எதிரே வருபவரும் அதே வேகம் என்றால் 1.3 கிலோமீட்டர் சாலை காலியாகத் தெரிய வேண்டும். இதையே 110-இல் செய்தால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, 1.7 கிலோமீட்டர் தவறான பக்கத்தில் ஓட்டுகிறோம். எதிரே 130-இல் ஒருவர் வருவதாக வைத்துக்கொண்டால் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் பார்த்தாக வேண்டும். கானல் நீர் மிதக்கும் மதியத்தில் அவ்வளவு தூரம் யாருக்குக் கண் தெரிகிறது? இந்தக் கணக்குக்குப் பிறகு 110-இல் தாண்டும் ஆசை எனக்கு விட்டுப்போனது.

பின்னாலேயே போவதும் சொகுசு கிடையாது. அதுவும் முன்னால் போவது மாடு ஏற்றிய லாரியாக இருந்தால். இரண்டடுக்கு டிரெய்லர்கள் மூன்று, அதாவது ஆறு தளம், அத்தனையிலும் மாடுகள். டார்வின் துறைமுகத்தில் இந்தோனேஷியாவுக்குக் கப்பல் ஏறப் போகிறவை பல. பக்கவாட்டுக் கம்பி இடுக்கில் ஒரு காது, ஈரமான ஒரு மூக்கு தெரியும். அப்புறம் கண்ணாடியில் பச்சையும் பழுப்புமாகப் பொடித் தூறல் விழும். மழை என்று வைப்பரைப் போட்டால் கதை முடிந்தது, மொத்தக் கண்ணாடியும் மெழுகிவிட்டதுபோல் ஆகிவிடும். தண்ணீரைத் தாராளமாக அடித்த பிறகுதான் வைப்பர். ஏசிக்கு வெளிக்காற்றை அடைத்துவிட வேண்டும். இந்த ஞானத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

டெனன்ட் கிரீக்குக்கு வடக்கே, மவுண்ட் ஐசாவிலிருந்து வரும் சாலை வந்து சேரும் த்ரீ வேஸ் ரோடுஹவுஸில் ஓட்டுநர் ஒருவரோடு காபி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தேன். டீசல் டேங்கர் ஓட்டுபவர், என் அப்பா வயது இருக்கும். கார்க்காரர்கள்மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று கேட்டேன். மெதுவாகப் போகிறவர்கள்மேல் இருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். 90-இல் போனால் 90-இலேயே போகட்டும், அதற்கேற்ப நான் ஓட்டிக்கொள்வேன் என்றார். 90-இல் போய்க்கொண்டிருந்துவிட்டு, அவர் தாண்ட வெளியே எடுத்ததும் 105-க்கு ஏறுகிறவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இன்னொரு கூட்டம், மரியாதை காட்டுவதாக நினைத்துத் திடீரென்று பிரேக் போடும், அல்லது இடது சக்கரங்களைச் சரளையில் இறக்கிக் கல்லை வாரி இறைக்கும். இத்தனை எடையில் ஒருமுறை வேகம் போனால் திரும்பப் பிடிக்கப் பல கியர், பல நிமிடம். "நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்" என்றார். லாரிகளுக்கான ஓய்விடத்தில் கேரவனை நிறுத்தி நாற்காலி போட்டு உட்காருகிறவர்களைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்தக் கோபம் நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. தூக்கம் கண்ணைச் சொக்கும் ஓட்டுநருக்கு 53 மீட்டர் வண்டியை நிறுத்த அடுத்த இடம் எவ்வளவு தள்ளி இருக்குமோ.

தார்ச் சாலையின் இந்த வழக்கமெல்லாம் யுயெண்டுமு பக்கம் போகும் டனாமி சாலையின் மண்பகுதிக்குப் போனால் செல்லாது. அங்கே எதிரே லாரி வருவது முதலில் தூசியாகத்தான் தெரியும். அது கடந்த பிறகு வண்டியின் முன்மூக்கே தெரியாது. அந்தத் தூசிக்குள் இன்னொரு லாரி வரலாம், ஆளில்லாமல் அலையும் மாடும் வரலாம். முன்னால் போகும் லாரியைத் தூசிக்குள் புகுந்து தாண்டுவது என்ற பேச்சே இல்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்தங்க வேண்டியதுதான். நடுவில் ஒற்றைத் தார்ப்பட்டை மட்டும் உள்ள சாலைகள் வேறு இருக்கின்றன. அங்கே பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளும் பெருந்தன்மை வேண்டாம். நாம் முழுசாக இறங்கி ஓரமாக நின்றுவிட வேண்டும். லாரி ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கினால் கல் நம் கண்ணாடிக்கு, ஆபத்து அவருக்கு. நின்று வழிவிட்டால், கடந்து போகும்போது ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். நாமும் ஒரு விரல்.

ஆபத்தான ஓவர்டேக்குகளில் பாதி சாலையில் பிறப்பதே இல்லை, அலுவலகத்தில்தான் பிறக்கின்றன என்பது என் கட்சி. எங்கள் பயண அட்டவணையைப் போடுபவர் மேப்பில் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்து எழுதுவார். கிளினிக்கில் ஒன்பது மணிக்கு ஆள் நிற்க வேண்டும் என்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். கங்காரு அதிகம் நடமாடுவது அந்த நேரத்தில்தான். வழியில் இரண்டு லாரி மாட்டிக்கொண்டால் தாமதம். தாமதமானால் கால் தானாக அழுத்தும். அட்டவணையை 110-இல் கணக்குப் போடாதீர்கள், 90-இல் போடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். ஒரு நாளில் ஒரு கிளினிக் குறையுமே என்றார்கள். குறையட்டும் என்று சக ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள், கொஞ்சம் சத்தமாகவே.

இப்போது வெளிச்சம் வந்த பிறகு கிளம்புகிறோம். கருவிச் சோதனை மதியத்துக்குப் போய்விட்டது. கிளினிக் நர்ஸுகளுக்கும் அதுதான் தோதாம். காலையில் நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போது இவன் வந்து ஈ.சி.ஜி. மெஷினைப் பிரித்துப் போடுகிறானே என்று அவர்களுக்கு ரொம்ப நாளாகவே ஒரு குறை இருந்திருக்கிறது.