ரோட்டரி வண்டி என் பொறுப்பில்: ஹிரோஷிமா நாட்குறிப்பு

2025 மே 10, சனி

எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஆகஸ்டில்தான் வருவார். அதுவரை அவருடைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 என் பொறுப்பு. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் என்னும் முக்கோணப் பாகம் சுழலும் ரோட்டரி எஞ்சின் கார். 1999 மாடல், எஃப்டி எனப்படும் மூன்றாம் தலைமுறை, 280 குதிரைத்திறன். காப்பீடெல்லாம் சரிசெய்தாயிற்று. ஒரு நிபந்தனைதான் விசித்திரம்: பத்தடி நகர்த்துவதற்காக மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, செய்தால் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அணைக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் தாராளமாகப் போகும். உடனே அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி, ரோட்டரைச் சுற்றிக் கசிவை அடைக்கும் சீல்களில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடும். அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது எரிவதற்கு வேண்டிய உள் அழுத்தம், கிடைக்காது. அடுத்த முறை ஸ்டார்ட்டர் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்.

மே 13, செவ்வாய்

அவர் வீட்டம்மா வரி நோட்டீஸைக் காட்டினார். 45,400 யென். இங்கே கார் வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. இதில் 654 சிசி அறைகள் இரண்டு, ஆக 1,308 சிசி. ரோட்டரி என்றால் அதை 1.5-ஆல் பெருக்குவார்கள்: 1,962. இரண்டு லிட்டர் வரிப் பிரிவுக்குள் மயிரிழையில் தப்புகிறது. ஆனாலும் 13 வயது தாண்டிய பெட்ரோல் வண்டி என்று அந்தப் பிரிவின் 39,500 யெனுக்கு மேல் 15 சதவீதம் கூடுதல். பழைய வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு எதற்கு அபராதம்?

மே 17, சனி

மாஸ்டா அருங்காட்சியகம் போனேன். 1991-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டாவின் 787பி பந்தயக் கார் அங்கே நிற்கிறது. நான்கு ரோட்டர், 700 குதிரைத்திறன். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய கார் அதுதான். கூட்டம் அதைச் சுற்றியே நின்றது. நான் அதிக நேரம் நின்றது வெட்டிவைத்த எஞ்சின் முன்னால்.

பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று, பட்டுக்கூடு வடிவ அறைக்குள் சுழல்கிறது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. மூன்று முகங்களிலும் உறிஞ்சுதல், அழுத்தம், எரிப்பு, வெளியேற்றம் மாறிமாறி நடக்கும். ரோட்டர் ஒருமுறை சுழல, நடுத்தண்டு மூன்று முறை சுழலும். மேலும் கீழும் அடிக்கும் பாகம் எதுவும் இல்லாததால்தான் அந்த வழவழப்பு.

தலைவலி முக்கோணத்தின் முனைகளில். அங்குள்ள மெல்லிய சீல் அறையின் சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும். ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் மாஸ்டா இந்த எஞ்சினுக்கு உரிமம் வாங்கி வந்த பிறகு, சீல் அதிர்ந்து சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோதோவும் அவருடைய குழுவும் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் வரை போய்த்தான் அதைத் தீர்த்தார்கள். 1967-இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது. சீலுக்காக எஞ்சின் இன்றும் கொஞ்சம் எண்ணெயை எரிக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய் அளவும் பார்க்க வேண்டும்.

மே 25, ஞாயிறு

விடியற்காலையில் குரே வழியாக, அகினதா பாலம் தாண்டித் தீவுகளுக்குள். இப்போதுதான் இந்த வண்டி பிடிபட்டது. 280 குதிரைத்திறன் இன்று பெரிய விஷயமே இல்லை. எத்தனையோ குடும்பக் கார்களில் இருக்கிறது. எடை 1,300 கிலோவைத் தொடவில்லை என்பதுதான் விஷயம். சின்ன எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால், தாழ்வாகப் பதித்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய பாதிப் பாதி. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு தயங்குவதே இல்லை. வேறு எஞ்சினை வைத்து இந்த உருவத்தை வரைந்திருக்கவே முடியாது. அந்த எண்ணெய்ச் செலவும் பெட்ரோல் தாகமும் இதற்காகத்தான் என்றால், எனக்குச் சம்மதம்.

மே 31, சனி

ரோட்டரி பார்க்கும் பட்டறையில் கம்ப்ரெஷன் சோதனை. ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகங்களைத் தனித்தனியாக அளக்க வேண்டும், சாதாரண கருவி போதாது. ஆறும் ஏறக்குறைய சமமாக வந்தன.

பக்கத்தில் நின்ற இன்னொரு எஃப்டிக்காரர் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இரட்டை டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டச் சொன்னார். இதில் முதல் டர்போ குறைந்த வேகத்திலேயே தொடங்கும், எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று வாக்கில் வரும்போது இரண்டாவது சேரும். அந்தக் கைமாற்றத்துக்காக எஞ்சின் மேல் வாக்குவம் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றில் விரிசல் விட்டாலும் தேடுவது பெரும்பாடு. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தீவுச் சாலையில் மூன்றாவது கியரில், 2,500 சுற்றிலேயே வண்டி இழுத்ததே, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. உரிமையாளரிடம் இதைப் பேசவே வேண்டியதில்லை. அந்தக் குழாய்களை ஒன்றுவிடாமல் மாற்றியதே அவர்தான்.