எண்ணுக்கு அப்பால் ஒரு மூச்சு

வடக்கு ஃபுளோரிடாவில், கெய்ன்ஸ்வில் நகரத்து உடற்பயிற்சிப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆளை டிரெட்மில்லில் ஏற்றி, முகத்தில் மாஸ்க் மாட்டி, அவர் எடுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் மூச்சுக்கு மூச்சு அளப்பதுதான் தொழில். பக்கத்து ஊரான ஹை ஸ்பிரிங்ஸைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நீர்க்குகைகள் நிறைய. அதனால் இதய நோயாளிகள், சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு நடுவே குகை டைவர்களும் வருவார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே அவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "பதிமூன்று வந்ததா?"

சும்மா உட்கார்ந்திருக்கும் உடல், எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுக்கும். அது 1 மெட். அதைப்போல் 13 மடங்கு எடுக்க முடிகிறதா என்பது டைவர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலில் நெடுங்காலம் இருந்துவந்த அளவுகோல். டிரெட்மில் சோதனைக்கு நாங்கள் பின்பற்றும் புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நாலாவது கட்டம் 16 சதவீத ஏற்றம், மணிக்கு 6.7 கி.மீ. அதை முழுசாக முடித்தால் ஏறக்குறைய 13 வந்துவிடும்.

அந்த எண் முக்கியம்தான். தண்ணீரில் இறங்கியதுமே கால்களில் இருக்கும் ரத்தம் அரை லிட்டருக்கு மேல் மார்புப் பக்கம் ஏறிவிடும்; ஒரு கை நீந்துவதற்கு முன்பே இதயத்துக்கு வேலை கூடிவிடுகிறது. ஹை ஸ்பிரிங்ஸ் பக்கத்து ஜின்னி ஸ்பிரிங்ஸ் ஊற்றில் குகை வாயிலிருந்து பாயும் தண்ணீர் ஆளை வெளியே தள்ளும்; பாறையைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் உள்ளே போவார்கள். உள்ளே வெகுதூரத்தில், தண்ணீருக்குள் ஆளை இழுத்துப்போகும் மோட்டார் ஸ்கூட்டர் நின்றுபோனால் நீந்தித்தான் திரும்ப வேண்டும். மேலே பாறைக் கூரை, நேராக எழும்பி வர வழியில்லை. அதற்கெல்லாம் கையிருப்பு வேண்டும்.

ஆனால் ஆழக் குகைக்குப் போகிறவர் அந்த எண்ணை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளும்போது எனக்குக் கவலையாக இருக்கும். தரையில் முதலில் எல்லையைத் தொடுவது இதயம். நுரையீரலுக்கு அப்போதும் இடம் மிச்சமிருக்கும். ஆழத்தில் இது தலைகீழ். அழுத்தத்தில் காற்று அடர்ந்துபோகும். 30 மீட்டர் ஆழத்தில் காற்றைச் சுவாசிப்பவர், தரையில் முழுமூச்சாக இழுத்து விட முடிந்ததில் பாதியளவுதான் இழுத்து விட முடியும். சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருக்கட்டும், 6.2-ஐத் தாண்டவே வேண்டாம் என்பது இப்போதைய பரிந்துரை. 60 மீட்டரில் காற்று சுமார் 9 கிராம்! லேசான வாயுவான ஹீலியத்தைக் கலப்பது, ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதையைக் குறைப்பதற்கு மட்டுமில்லை, இந்த அடர்த்தியைக் குறைப்பதற்கும்தான். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு முக்கி ஊதினாலும் மூச்சு வேகமாக வெளியே வராது, சிறு மூச்சுக்குழாய்கள் நசுங்கிக்கொள்ளும். முக்குகிற தசைகளோ இன்னும் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

2005 ஜனவரி 8 அன்று தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற ஆழ நீர்க்குகையில் டேவிட் ஷா இறந்தது இப்படித்தான். ஆஸ்திரேலிய விமானி. 1994-இல் அங்கே இறந்த ஓர் இளைஞரின் உடலை மீட்க 270 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார். தலைக்கவசத்தில் இருந்த கேமராவில் அவர் மூச்சுச் சத்தம் பதிவாகியிருந்தது. உடலோடும் கயிற்றோடும் போராடப் போராட மூச்சு வேகமாகிக்கொண்டே போனது. அதை ஆராய்ந்த மருத்துவர்கள் 2007-இல் எழுதிய கட்டுரை, அவர் சுவாசித்த வாயு ஹீலியம் மிகுந்ததாக இருந்தும் லிட்டருக்கு 10 கிராமைத் தாண்டியிருந்தது என்கிறது. எவ்வளவு வேகமாக மூச்சு விட்டும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் உடலிலேயே தேங்கி அவர் உயிரைப் பறித்தது. டிரெட்மில்லில் அவருக்கு எத்தனை மெட் வந்திருந்தாலும் அங்கே உதவியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதைப் படித்த பிறகு திரையில் நான் கவனிக்கும் இடம் மாறிவிட்டது. மூச்சு விட்டு முடிக்கும் தறுவாயில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு கோடாக ஓடும். சும்மா இருக்கையில் 40 மி.மீ. பாதரச அளவை ஒட்டி நிற்கும். ஓட்டம் கடுமையாகி மூச்சு இரைக்கும்போது இறங்க வேண்டும். சிலருக்கு இறங்காது. அதிலும் ஏறி நிற்பவர்கள் உண்டு. 1950-களிலேயே அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனை டைவிங் பிரிவில் எட்வர்ட் லான்ஃபியர் இப்படிப்பட்ட டைவர்களைக் கவனித்திருக்கிறார். கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் இவர்களுக்கு மூச்சு முட்டாது, அதனால் போதிய அளவு வாங்குவதும் இல்லை.

அப்படி ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த ஆள். மூன்றாவது கட்டத்தில் மற்றவர்களெல்லாம் இரைக்கிற இடத்தில், மாஸ்க்கின் ஓரம் அசையாமல் நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கோடு 52-இல் நின்றது. நாலாவது கட்டத்தையும் முடித்துவிட்டார், 14 மெட். இறங்கி வந்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "எங்கள் குழுவில் என் சிலிண்டர்தான் எப்போதும் கடைசியாகக் காலியாகும்" என்றார், சந்தோஷமாக.

அவர் பெருமைப்படும் அந்த விஷயத்தைத்தான் நான் கோட்டில் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அச்செடுத்த தாளை மேசையில் விரித்து, 40 எங்கே, அவர் எங்கே என்று விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தாளை எடுத்துக்கொண்டு, 60 மீட்டருக்கு இனி ஹீலியத்தை எவ்வளவு கூட்டுவது என்று கேட்க மருத்துவர் அறைக்குப் போனார்.