தரங்கம்பாடி இருட்டில் ஒரு புள்ளி

“என்ன தம்பி, ஏதாவது தொலைஞ்சு போச்சா?”

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையின் கடல் பக்கச் சுவரில் அரை மணி நேரமாக டார்ச் அடித்துக்கொண்டிருந்த எங்களிடம் ஒருவர் வந்து கேட்டார். மீன்பிடிக்கிறவர், தோளில் துண்டு. கேட்டதில் தப்பில்லை. அமாவாசைக்கு மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல், ஒருத்தன் ட்ரைபாட் பக்கத்தில் கைகட்டி நிற்க, இன்னொருத்தன் கறுப்புச் சட்டையோடு சுவரோரம் இங்குமங்கும் ஓடினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இருட்டில் விளக்கை அசைத்துப் படம் வரைகிற இந்த லைட் பெயின்டிங் ஒன்றும் நமக்குப் புதிதில்லை. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பால் காற்றில் பெயர் எழுதிய அதே வேலைதான். கண்ணில் அரை நொடி நின்று மறைவதை, உள்ளே ஒளியை விடுகிற ஷட்டரைத் திறந்தே வைத்தால் கேமரா சேர்த்து வைத்துக்கொள்கிறது. 1949-ல் ஜோன் மிலி என்ற புகைப்படக்காரர் ஓவியர் பிக்காசோவின் கையில் ஒரு சின்ன விளக்கைக் கொடுத்து இருட்டறையில் வரையச் சொன்னாராம். பிக்காசோவுக்கு வந்தது நமக்கு வராமலா போகும் என்று நானும் சித்தி மகனும் மயிலாடுதுறையில் பஸ் ஏறிவிட்டோம்.

முதல் படமே சொதப்பல். ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ 200, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் திறந்திருக்க முப்பது நொடி என எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். ஆனால் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றே டார்ச் அடித்ததில் கோட்டைச் சுவர் அட்டைப்பெட்டி மாதிரி தட்டையாக விழுந்தது. பிறகு சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டில் அடித்தேன். காரை பெயர்ந்த இடத்தில் செங்கல் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நின்றது. ஒரே இடத்தில் ஒளியை நிறுத்தக் கூடாது. சுண்ணாம்பு அடிப்பது போல மேலும் கீழும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அங்கே வெள்ளைத் திட்டு.

தீப்பொறிப் படம் எடுக்கலாம் என்று சித்தி மகன் ஸ்டீல் நார் வாங்கி வந்திருந்தான். பிரித்துப் பார்த்தால் பாத்திரம் தேய்க்கிற நார். அது எங்கே எரியும்? அதற்குப் பஞ்சு மாதிரி மெல்லிய இரும்பு நார் வேண்டும். தீப்பெட்டி காலியானதுதான் மிச்சம். ஒருவகையில் நல்லதுதான், கோட்டை ஓரத்தில் தீப்பொறி பறக்கவிடுகிற வேலை நமக்கு எதற்கு?

சரி, எழுதிப் பார்ப்போம் என்று மணலில் இறங்கி, கேமராவைப் பார்த்து நின்று ‘கடல்’ என்று எழுதினேன். படத்தில் கண்ணாடி பிம்பமாக வந்தது. படத்தைத் திருப்பிப் போட்டால் எழுத்து சரியாகும், கோட்டை இடம் மாறிவிடும்! வேறு வழியில்லை, வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் புரட்டி எழுதப் பழக வேண்டும். ஈர மணலில் விரலால் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, நான் நிற்பது எந்த ஊர் என்று. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கிய ஊர் இது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியதும் இங்கேதான். ஜெர்மனியில் இருந்து வந்த தமிழ் அச்செழுத்து அளவில் பெரிதாக இருந்ததால், சிறிய எழுத்தை இந்த ஊரிலேயே வார்த்தார்கள். அச்செழுத்து ஈயத்தில் புரண்டுதானே இருக்கும்? அவர்கள் தினமும் பார்த்த புரண்ட ‘க’வை நான் முந்நூறு வருஷம் கழித்து மணலில் கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

எழுத்து படிந்துவிட்டது. புள்ளிதான் படியவில்லை. என்னுடைய எல்.இ.டி டார்ச்சில் பொத்தானை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அதிக வெளிச்சம், குறைந்த வெளிச்சம், மினுக்கல் என்று மாறும். ‘ல்’லின் தலையில் புள்ளி வைக்கப் போனால் கோடு கோடாகத் தெறித்தது. உள்ளங்கையால் மூடித் திறந்தேன். விரலிடுக்கில் கசிந்த வெளிச்சம் சிவப்புத் தீற்றலாக விழுந்தது. “ஓலையில எழுதுறவங்க புள்ளியே வைக்க மாட்டாங்களாம், விட்டுடு” என்றான் சித்தி மகன். ஓலை கிழியும் என்று அவர்கள் விட்டார்கள், எனக்கென்ன கேடு?

இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த மீன்பிடிக்கிற அண்ணன் வீடு வரை போய்ப் பழைய டார்ச் ஒன்றை எடுத்து வந்தார். குண்டு பல்பு. பக்கத்தில் சின்னப் பொத்தான். அமுக்கினால் எரியும், விட்டால் அணையும்.

“இதுல வச்சுப் பாருங்க.”

நாற்பது நொடி. க, ட, ல. கையை உயர்த்தி ஒரே ஒரு அமுக்கு. திரையில் மஞ்சளாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தது புள்ளி. பின்னால் அடிவானத்தில் படகு விளக்குகள் சின்னச் சின்னக் கீற்றாக. அதே டார்ச்சால் சுவரையும் ஒரு தடவை தடவி எடுத்தோம், எல்.இ.டியில் நீலம் பாய்ந்திருந்த கோட்டை பழுப்பும் மஞ்சளுமாகத் திரும்பி வந்தது.

அப்புறம் அண்ணனே எழுதினார், படகின் பேரை. புரட்டியெல்லாம் எழுதவில்லை. திரையைப் பார்த்தவர், “திரும்பியில்ல கெடக்கு” என்றார். படத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். பேரைப் பார்க்கவில்லை, கோட்டையைப் பார்த்தார்.

“இப்போ கோட்டை தப்பா இருக்கு தம்பி. மொதல்ல எடுத்ததையே அனுப்புங்க.”